மலைவீடும் ஒரு கையொப்பமும்
('கித்தேராவுக்கு ஒரு பயணம்' என்னும் கிரேக்கத் திரைப்படம் குறித்து)

பிரிந்து சென்றவன் மீண்டு வருதல் உலக இலக்கியத்தின் மிகப் பழைய பொருள்களுள் ஒன்று. சங்க இலக்கியத்து முல்லைப் பாடல்களில் வினைமுற்றிய தலைவன் தேரேறி விட்டான். பாகனை விரைந்து செலுத்துமாறு கூறுகின்றான். வழியெங்கும் கார்காலம் பூத்துக் கிடக்கின்றது. பாட்டு பெரும்பாலும் வழியிலேயே முடிந்துவிடும். தேர் மனைவாயிலை அடைந்தபின் நிகழ்ந்தது என்ன என்ற வினா முல்லைக்கு உரியதன்று. வீடு இருக்கும், தலைவி இருப்பாள், ஊர் அவனை அறியும் என்பவை ஐயத்துக்கு இடமின்றிக் கொள்ளப்பட்டவை. கிரேக்கக் காவியமான ஒடிசி இவ்வகையில் சற்று வேறுபடுவது. ஒடிசியஸ் இதாக்காத் தீவை அடைந்த பின்னரும் காவியத்தின் ஏறத்தாழ அரைப்பங்கு எஞ்சியிருக்கின்றது. அவன் தன்னை இன்னான் என மெய்ப்பிக்க வேண்டியவனாகின்றான். ஆயினும் அவனுக்குச் சான்றுகள் உள. கிழநாய் அவனை அறிகின்றது. செவிலி காலின் தழும்பைக் கண்டு அறிகின்றாள். மனைவி பெனலோப்பி அவன் தன் கையாற் செய்த கட்டிலின் மறைபொருளைக் கொண்டு அறிகின்றாள். உடலும் வீடுமே அங்குச் சாட்சிகள்.

கிரேக்க வீரயுகப் பாடல்களையும் தமிழ் வீரயுகப் பாடல்களையும் ஒப்புநோக்கிய பேராசிரியர் க. கைலாசபதியின் ஆய்வு 1968இல் நூலாக வெளிவந்த காலந்தொட்டு, இவ்விரு மரபுகளையும் அருகருகே வைத்து நோக்குதல் இந்நாட்டுத் தமிழ் மாணவர்க்குப் புதியதன்று. எனினும் அந்தப் பழைய கிரேக்கத்தோடு நின்றுவிடுவதே இங்குள்ள வழக்கம். ஒடிசியஸின் நாட்டில் இருபதாம் நூற்றாண்டில் ஒரு முதியவர் ஊர் திரும்பியபோது தழும்பும் கட்டிலும் எவ்வளவு தூரம் செல்லுபடியாயின என்பதை ஆராய்வதாகத் தியோ அங்கெலோபுலோஸ் 1984இல் நெறிப்படுத்திய 'கித்தேராவுக்கு ஒரு பயணம்' அமைந்துள்ளது. அவ்வாண்டு கான் திரைப்பட விழாவிற் சிறந்த திரைக்கதைக்கான பரிசு இதற்குக் கிடைத்தது. அங்கெலோபுலோஸுடன் கிரேக்க எழுத்தாளர் தனாசிஸ் வால்தினோஸும் இத்தாலியக் கவிஞர் தொனினோ குவேராவும் திரைக்கதையில் பங்கு கொண்டனர்.

கதை சிறியது. ஸ்பிரோஸ் என்னும் முதியவர் 32 ஆண்டுகள் சோவியத் ஒன்றியத்தில் வாழ்ந்துவிட்டுக் கப்பலில் கிரேக்கம் திரும்புகின்றார். துறைமுகத்தில் மகனும் மகளும் அவரை எதிர்கொள்கின்றனர். மனைவி கத்தரினா இத்தனை ஆண்டும் காத்திருந்தவள். குடும்பம் முழுவதும் வாகனத்தில் ஏறி, அவர் பிறந்து வளர்ந்த மலைக்கிராமத்துக்குச் செல்கின்றது. அக்கிராமத்து நிலங்களையெல்லாம் ஒரு கம்பனி வாங்கிக் குளிர்கால விளையாட்டுக்கான உல்லாச விடுதி அமைக்கவிருக்கின்றது. ஊரவர் யாவரும் கையொப்பமிட ஆயத்தமாக நிற்க, ஸ்பிரோஸ் மறுத்துவிடுகின்றார். அந்த மறுப்பின் விளைவாக அதிகாரிகளின் கண் அவர்மீது விழுகின்றது. அவர் எந்நாட்டுப் பிரஜையும் அல்லர் என்பது நினைவுகூரப்படுகின்றது. ஈற்றில் எந்தக் கப்பலிலும் ஏற்றமுடியாத அவரை நாட்டின் கடலெல்லைக்கு அப்பால் ஒரு மிதவையில் ஏற்றி நிறுத்திவிடுகின்றனர்.

இக்கதையின் பகைப்புலத்தைச் சுருக்கமாகவேனும் அறிதல் வேண்டும். ஜேர்மனிய ஆக்கிரமிப்பை எதிர்த்துப் போரிட்ட இடதுசாரிகள் 1946 முதல் 1949 வரை நடைபெற்ற உள்நாட்டுப் போரிலே தோல்வியுற்றனர். 1949 ஆகஸ்டில் கிராமொஸ் மலைப்பகுதி வீழ்ந்ததோடு போர் முடிந்தது. எஞ்சியோர் அல்பேனிய எல்லையைக் கடந்து, பின்னர் சோவியத் ஒன்றியத்திலும் கிழக்கு ஐரோப்பிய நாடுகளிலும் அடைக்கலம் புகுந்தனர். தாஷ்கெந்த் நகரில் அவர்களுட் பெருந்தொகையினர் குடியேறினர். நாட்டுக்கு எதிராக இயங்கியோரின் பிரஜாவுரிமையைப் பறிக்க 1947ஆம் ஆண்டுத் தீர்மானம் ஒன்று வழிசெய்திருந்தது. 1967 முதல் 1974 வரை நாட்டை ஆண்ட இராணுவ ஆட்சி இவர்களைப் பற்றிய பேச்சையே குற்றமாக்கியது. 1981இல் சோசலிசக் கட்சி ஆட்சிக்கு வந்தபின், 1982இல், அரசியல் அகதிகள் திரும்பலாம் என அறிவிக்கப்பட்டது. ஆனால் அவ்வறிவிப்பு 'இனத்தாற் கிரேக்கர்' ஆனோருக்கு மாத்திரமே கதவைத் திறந்தது. அதே மலைகளிற் பிறந்து, அதே போரில் ஒருபக்கமாக நின்று போரிட்ட ஸ்லாவிய மக்கெதோனியர் வெளியே நிறுத்தப்பட்டனர். திறந்த கதவிலும் ஒரு சல்லடை இருந்தது. இப்படம் அச்சல்லடையைப் பற்றி நேராக எதுவும் கூறவில்லை. எனினும் ஸ்பிரோஸின் கதையைக் காண்போர் அதனை மறந்துவிட்டுக் காணல் இயலாது.

படத்தின் மையம் அந்த மலைப்பயணமே. இதனைக் குடும்பம் ஒன்று தன் பழைய வீட்டைக் காணச் செல்லும் இன்பச் செலவாகத் தொடக்கத்திற் கொள்ளலாம். அங்கெலோபுலோஸ் அவ்வாறு கொள்வதற்கு இடந்தராத வகையிற் காட்சிகளை அமைத்துள்ளார். ஒரு வாகனத்தினுள் இருப்போர் அனைவரும் ஒரே இடத்துக்குச் செல்கின்றனர் என்பது வெளித்தோற்றம் மட்டுமே. தந்தைக்கு அது வீடு. தாய்க்கு அது காத்திருந்த இடம். மகன் அலெக்ஸாந்ரோஸுக்கும் மகள் வூலாவுக்கும் அது பெற்றோரின் பேச்சிலும் மௌனத்திலும் மட்டும் இருந்த ஊர். பிள்ளைகள் இருவரும் தந்தையை நினைவுகூர இயலாத வயதிலே அவரை இழந்தவர்கள். நினைவில் இல்லாத ஒருவரின் நினைவிடத்துக்கு அவரையே அழைத்துச் செல்லும் விசித்திர நிலை அவர்களுடையது. வூலாவின் கசப்பு இவ்விடத்திலிருந்து பிறப்பது. தந்தையின் இலட்சியத்துக்காகத் தன் வாழ்வு செலவிடப்பட்டது என்று கருதுபவள் அவள். அந்தச் செலவுக்குக் கணக்குக் கேட்கும் உரிமை தனக்குண்டு என்ற தொனி அவள் பேச்சில் ஒலிக்கின்றது. இப்பாத்திரத்துக்கு இன்னும் சில காட்சிகள் கிடைத்திருப்பின் படம் செழுமையுற்றிருக்கும்.

பயணக் காட்சிகளின் ஒளிப்பதிவு குறிப்பிடத்தக்கது. யோர்கொஸ் அர்வனித்திஸின் கமரா விலகி நின்று, வெட்டுகளைக் குறைத்து, நீண்ட நேரம் நோக்குகின்றது. முகங்களை அருகிற் காட்டி உணர்ச்சியைப் பிழிந்தெடுக்கும் முறை இங்கில்லை. பனிமூட்டமும் ஈரமண்ணும் சாம்பல்நிற வானமும் திரையை நிரப்புகின்றன. நீலக்கடலும் வெண்சுவரும் கொண்ட சுற்றுலா அட்டைகளின் கிரேக்கத்தை இந்நெறியாளர் தம் படங்களில் விடாப்பிடியாக மறுத்து வந்தவர். மாரிகாலத்துக்காகக் காத்திருந்து படம்பிடித்தவர். இந்தத் தெரிவு அழகியல் சார்ந்தது மாத்திரமன்று என்பது இப்படத்திலே தெளிவாகின்றது. மலையை விற்பனைக்குரிய காட்சிப்பொருளாக மாற்ற வந்திருக்கும் கம்பனியே கதையிற் பகைச்சக்தி. அவ்வாறிருக்கக் கமராவும் அந்த மலையை அழகிய காட்சியாகக் காட்டுமாயின் கம்பனியின் விளம்பரத்தைப் படமே செய்துகொடுத்ததாகிவிடும். உருவமும் உள்ளடக்கமும் ஒன்றையொன்று தாங்குதல் என்று விமரிசகர் கூறுவதற்கு இதனினும் எளிய எடுத்துக்காட்டு அரிது.

ஸ்பிரோஸ் ஊரை அடைந்ததும் மலையை இரசிப்பதில்லை. அவர் பழைய தோழர் ஒருவரோடு பறவைபோற் சீழ்க்கையடித்துப் பேசுகின்றார். கெரில்லாக் காலத்து அடையாள ஒலி அது. மறுமொழியும் சீழ்க்கையாகவே வருகின்றது. முப்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் அழியாது நின்ற ஒரே மொழி அதுவே எனலாம். பின்னர் அவர் இடுகாட்டுக்குச் செல்கின்றார். இறந்துபட்ட தோழர்களின் கல்லறைகளிடையே கருங்கடற் பகுதிக் கிரேக்கர்க்குரிய நடனமொன்றை ஆடுகின்றார். இந்நடனமே படத்தின் மிகச் சிறந்த கட்டம். அழுகை எதிர்பார்க்கப்படும் இடத்தில் ஆட்டம் வருகின்றது. ஆட்டத்தில் மகிழ்ச்சியும் இல்லை. உயிரோடிருப்போர் தம்மை ஏற்றுக்கொள்வதற்கு முன் இறந்தோரிடம் வரவைப் பதிவு செய்துகொள்ளும் ஒரு முதியவரின் செயல் அது.

ஸ்பிரோஸாக நடித்த மானொஸ் கத்ராக்கிஸ் கிரேக்க நாடக மேடையின் பெருநடிகர். உள்நாட்டுப் போர்க்காலத்தில் இடதுசாரி என்ற காரணத்தால் மக்ரொனிசோஸ் முதலிய சிறைத்தீவுகளுக்கு அனுப்பப்பட்டவர். இப்படம் வெளிவந்த 1984ஆம் ஆண்டிலேயே அவர் காலமானார். நடிகரின் வாழ்க்கையைக் கொண்டு பாத்திரத்தை மதிப்பிடுதல் முறையன்று. எனினும் அந்த நிமிர்ந்த, மெலிந்த உருவம் சொற்களின்றி நிற்கும்போது திரையில் வந்து சேரும் கனம் ஒப்பனையாலும் பயிற்சியாலும் மட்டும் பெறப்பட்டதன்று.

இனிக் கையொப்பத்தைப் பற்றிக் கூறவேண்டும். படத்தின் பொருள் முழுவதும் அந்த ஓர் எழுதுகோல் முனையிலே தங்கியிருக்கின்றது. கிராமம் ஏற்கனவே வெறுமையாகிவிட்டது. 1960இல் ஜேர்மனியுடன் செய்துகொண்ட தொழிலாளர் ஒப்பந்தத்தின் பின்னர் வட கிரேக்கத்து ஊர்கள் ஆயிரக்கணக்கானோரைத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பின. வேறு பலர் ஏதென்ஸுக்கும் தெசலோனிக்கிக்கும் பெயர்ந்தனர். ஊரவர்க்கு மலை இப்பொழுது விளையாத நிலம். அதற்கு விலை கொடுக்க ஒருவன் வந்திருப்பது அவர்களுக்கு வாழ்நாளில் ஒருமுறை கிடைக்கும் அறுவடை. ஸ்பிரோஸ் ஒருவர் மறுப்பதால் அது தடைப்படுகின்றது. இங்குப் படம் தொடும் முரண்பாடு கூர்மையானது. சட்டத்தின் கண்ணில் ஸ்பிரோஸ் இல்லாதவர், மரணதண்டனை விதிக்கப்பட்டவர், பிரஜாவுரிமை இழந்தவர். அவர் இல்லாதவராயின் அவருடைய மறுப்பும் இல்லாததாகவன்றோ இருத்தல் வேண்டும்? ஆனால் மறுப்பு நிற்கின்றது. இல்லாத மனிதரின் இருக்கின்ற மறுப்பை என்செய்வது என்று அரசுக்குத் தெரியவில்லை. ஆகவே உடலை அகற்றுவதே வழியென முடிவாகின்றது. ஒடிசியஸின் தழும்பு அவனை வீட்டுக்குள் அனுமதித்தது. ஸ்பிரோஸின் உடலோ அவர் இன்னும் இருக்கின்றார் என்பதற்கான தொல்லை தரும் சான்றாகி, அவரை வெளியேற்றுகின்றது.

'நான்தான்' என்பது படத்தில் அடிக்கடி கேட்கும் ஒரு சொற்றொடர். கப்பலிலிருந்து இறங்கிய ஸ்பிரோஸ் பிள்ளைகளிடம் முதலிற் கூறுவதும் இதுவே. தமிழில் இரவில் வாயிற்கதவைத் தட்டுபவன் உள்ளிருந்து 'ஆரது?' என்ற குரல் வந்ததும் கூறும் மறுமொழியும் இதுதான். பெயர் கூறாது, ஊர் கூறாது, குரலாலேயே அறியப்படுவேன் என்ற நம்பிக்கை அதிலுண்டு. அந்நம்பிக்கை வீட்டு வாயிலிற் செல்லும். குடிவரவு அலுவலகத்திற் செல்லாது.

'நாடற்றவர்' என்ற சொல் இலங்கைத் தமிழ் வாசகருக்கு அகராதியிற் கண்ட சொல்லன்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இந்நாட்டிற் பிறந்தவரும் வம்சாவளிப் பிரஜையாவதற்குத் தந்தை இங்குப் பிறந்திருத்தல் வேண்டும், அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்குப் பிறந்திருத்தல் வேண்டும் என்று வகுத்தது. தோட்டத்து லயங்களிற் பிறப்புப் பத்திரம் பேணப்படாத தலைமுறைகளுக்கு இது எத்தகைய நிபந்தனை என்பதை விளக்க வேண்டியதில்லை. 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்திடப்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கிட்டு, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பகிர்ந்தது. எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. புகையிரதமேறித் தலைமன்னார் சென்று கப்பலேறியோரைத் 'தாயகம் திரும்பியோர்' என அரசுக் கோப்புகள் குறித்தன. அவர்களுட் பலர் அந்தத் தாயகத்தை அதற்குமுன் கண்டதில்லை. நீலகிரியில், கோத்தகிரியிலும் கூடலூரிலும், அவர்களுட் பலர் மீண்டும் தேயிலை மலைகளிலேயே குடியேற்றப்பட்டனர். அம்மலைச் சரிவில் நின்று அவர்கள் நினைத்த ஊர் ஹற்றனும் பதுளையும் பூண்டுலோயாவுமே. திரும்பிச் சென்ற இடத்திலிருந்தே திரும்பிச் செல்ல விரும்பிய மக்கள் அவர்கள்.

ஆயினும் இவ்வொப்புமையை அளவுக்கு மீறி நீட்டுதல் விமரிசனத்துக்கு அழகன்று. ஸ்பிரோஸுக்கு மலையில் ஒரு காணி உண்டு. அது அவருடையது என ஊர் முழுதும் அறியும். லயத்துக் காம்பராவுக்கு எவரிடத்தும் உறுதி இல்லை. நான்கு தலைமுறை ஒரே காம்பராவிற் பிறந்து இறந்தாலும் அது தோட்டத்தின் சொத்தே. சி. வி. வேலுப்பிள்ளை தம் நாவலொன்றுக்கு 'வீடற்றவன்' எனப் பெயரிட்டமை தற்செயலானதன்று. நாடற்றவன் என்பதற்கு அடியில் வீடற்றவன் என்பதும் உறைகின்றது. கையொப்பமிட மறுப்பதற்கும் ஒரு காணி வேண்டும். ஸ்பிரோஸ் தம் கையொப்பத்தைக் கொடாது வைத்திருந்து ஒரு கம்பனியைத் தடுத்து நிறுத்துகின்றார். தோட்டத் தொழிலாளியிடமோ கையொப்பமும் கைநாட்டும் கேட்கப்பட்டது விண்ணப்பப் படிவத்தில் மாத்திரமே. இடாதிருந்தாலும் தடைப்படுவதற்கு எதுவும் இருக்கவில்லை. நாடற்றோர் பிரச்சினைக்குச் சட்டத்தில் இறுதித் தீர்வாக 2003ஆம் ஆண்டின் சட்டம் வந்தது; காணி உறுதியின் கதை அதனோடு முடிந்துவிடவில்லை. இந்த வேறுபாட்டை உணர்ந்தபின் ஸ்பிரோஸின் மறுப்பு இன்னும் பெரிதாகத் தோன்றுகின்றது. அதேவேளை அது ஒரு சிறு நிலவுடைமையாளனின் மறுப்பு என்பதும் புலனாகின்றது.

இதிலிருந்தே படத்தின் மீதான முதற் குறைபாட்டைக் கூறலாம். ஊரவரைப் படம் போதிய நியாயத்துடன் நடத்தவில்லை. பனிபடர்ந்த வெளியிற் கூட்டமாக நிற்பவர்களாகவே அவர்கள் பெரும்பாலும் காட்டப்படுகின்றனர். தூரத்தில் நிற்கும் கமரா ஸ்பிரோஸுக்கு அளிக்கும் மாண்பை அவர்களுக்கு அளிப்பதில்லை. தூரம் அவர்களை வெறும் திரளாக்கிவிடுகின்றது. மலையிலே தங்கி, ஆடு மேய்த்து, பனியில் விறகு சுமந்து, பிள்ளைகளை ஜேர்மனிக்கு அனுப்பிவிட்டுத் தனித்திருந்த ஒருவருக்கு அந்த நிலத்தை விற்கும் உரிமை இல்லையா? விட்டுச் சென்றவனின் நினைவு, இருந்தவனின் பசியை விடப் புனிதமானதா? நினைவைப் புனிதமாக்குவது எளிது. கல்லறைகள் அதற்குப் பெரிதும் துணைசெய்யும். இவ்வினாவை எழுப்ப வேண்டிய குரல் அந்தோனிஸ் என்னும் பாத்திரத்துக்கு மட்டுமே அளிக்கப்பட்டுள்ளது. போரிலே எதிரணியில் நின்றவர் அவர். ஸ்பிரோஸைக் கடிந்து பேசுபவரும் அவரே. தம்மிருவரையும் ஒருவர்மீது ஒருவரை ஏவிவிட்டார்கள், ஈற்றில் இருவருமே தோற்றோம் என்ற கருத்துப்பட உரைப்பவரும் அவரே. வென்ற அணியைச் சேர்ந்தவர் தோல்வியை ஒப்புக்கொள்ளும் அவ்விடம் படத்தைப் பக்கச்சார்பிலிருந்து ஓரளவு காப்பாற்றுகின்றது. ஆயினும் ஒரு பாத்திரத்தின் பேச்சு ஓர் ஊரின் வரலாற்றுக்கு ஈடாகாது.

இரண்டாவது குறைபாடு படத்தின் கட்டமைப்புப் பற்றியது. இக்கதை படத்தினுள் எடுக்கப்படும் ஒரு படமாக வருகின்றது. அலெக்ஸாந்ரோஸ் திரைப்பட நெறியாளர். முதியவர் பாத்திரத்துக்கு நடிகரைத் தேடுகின்றார். கிழவர்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து 'நான்தான்' என்று சொல்லிக் காட்டுகின்றனர். அவருக்கு எவரும் பிடிக்கவில்லை. பின்னர் லவெண்டர் விற்கும் முதியவர் ஒருவரைக் கண்டு பின்தொடர்கின்றார்; துறைமுகத்தில் அம்முதியவரே ஸ்பிரோஸாகின்றார்; நெறியாளரே மகனுமாகின்றார். நிஜம் எது, புனைவு எது என்ற எல்லை கலைக்கப்படுகின்றது. இவ்வுத்தி தொடக்கத்தில் ஈர்ப்புடையது. தந்தையை அறியாத தலைமுறையொன்று தனக்கான தந்தையைக் கற்பனையிலே படைத்துக்கொள்கின்றது என்று இதற்குப் பொருள் காண்போர் உளர், அது தவறன்று. ஆனால் கதை மலைக்குச் சென்றதும் இச்சட்டகம் தேவையற்றதாகிவிடுகின்றது. மகன் பாத்திரம் தந்தைக்கும் ஊருக்கும் இடையில் நின்று எதையும் செய்யாது நோக்கிக்கொண்டிருப்பதற்கு, 'அவர் நெறியாளரல்லவா, நோக்குவதே அவர் தொழில்' என்று ஒரு சமாதானம் மட்டுமே அதனாற் கிடைக்கின்றது. மகனின் கையாலாகாத்தனம் சமூகத்தின் கையாலாகாத்தனமாக ஆராயப்பட்டிருத்தல் வேண்டும். அது கலைஞனின் மனச்சோர்வாகச் சுருங்கிவிட்டது.

அங்கெலோபுலோஸின் முந்திய படங்களோடு ஒப்பிடுகையில் இது இன்னும் தெளிவாகும். 'நாடோடிக் கலைஞர்' (1975) 1939 முதல் 1952 வரையான கிரேக்க வரலாற்றை ஒரு நாடகக் குழுவின் அலைதலூடே கூறியது. அங்குத் தனிமனிதரை விட வரலாறே முதன்மை பெற்றது. 'வேட்டைக்காரர்' (1977) படத்திற் பனியிற் கிடக்கும் கெரில்லா ஒருவனின் உடலை வசதிபடைத்த வேட்டைக்காரர் கண்டெடுக்கின்றனர். போர் முடிந்து பல்லாண்டுகளாகியும் அவ்வுடலின் இரத்தம் உலரவில்லை. அந்தப் பிணத்தை என்செய்வதென்று தெரியாது அஞ்சிய அதே சமுதாயம், 'கித்தேரா'வில் உயிரோடு வந்து நிற்கும் கெரில்லாவை என்செய்வதென்று தெரியாது விழிக்கின்றது. பிணத்தை மீண்டும் பனியிற் புதைக்கலாம். உயிருள்ளவரைப் புதைப்பதற்கு மிதவை தேவைப்படுகின்றது. 2012இல் ஒரு விபத்தில் இறக்கும்வரை எல்லைகளையும் அகதிகளையும் பற்றியே படமெடுத்து வந்த இக்கலைஞரின் பாதை திரும்பியது இங்குத்தான். வரலாற்றின் கூட்டுக்குரலிலிருந்து தனிமனிதனின் மௌனத்துக்கு அவர் நகர்ந்தார். அந்நகர்வில் பெற்றவற்றோடு இழந்தவையும் உள.

துறைமுகத்துத் தொழிலாளர் சங்கம் தன் விழாவை ஸ்பிரோஸுக்கு அர்ப்பணிக்கின்றது. மழை கொட்டுகின்றது. கூட்டம் கலைகின்றது. நனைந்த மேடையும் ஒலிவாங்கியும் எஞ்சுகின்றன. தோழமை என்ற பெயரால் இன்று நிகழக்கூடியது இவ்வளவே என்பதை உரையாடலின்றி இக்காட்சி கூறிவிடுகின்றது. இதில் ஏளனம் இல்லை. தொழிலாளர் மனப்பூர்வமாகவே வந்துள்ளனர். அவர்களிடம் கொடுப்பதற்கு ஒரு விழாவைத் தவிர வேறெதுவும் இல்லை.

கத்தரினா அவ்வேளையில் ஒலிவாங்கியை அணுகி, கணவரிடம் செல்ல விரும்புவதாகக் கூறுகின்றாள். முல்லைத் தலைவியின் இருத்தல் தலைவனின் தேரொலியோடு முடிவது. கத்தரினாவின் இருத்தலோ தேர் வந்தபின்னும் முடியவில்லை. வந்தவர் 32 ஆண்டுகளைத் தம்மோடு கொண்டுவந்துள்ளார். வந்த நாட்டில் அவருக்கு இன்னொரு குடும்பமும் உண்டு. அவள் அதனை அறிந்தபின்னும் மிதவைக்குச் செல்லத் தீர்மானிக்கின்றாள். இத்தீர்மானத்தைத் தமிழ் மரபு கற்பு என்று எளிதாகப் பெயரிட்டுவிடும். மேனாட்டு விமரிசகர் காதல் என்று பெயரிடுவர். இரண்டும் போதா. மலைவீட்டில் இருந்தவள் அவள். அவ்வீட்டின் மாரியையும் பஞ்சத்தையும் பொலிஸாரின் வருகையையும் அறிந்தவள் அவள். ஸ்பிரோஸின் நினைவில் வீடு அவர் விட்டுச்சென்ற நாளிலேயே நின்றுவிட்டது. அதற்குப் பிந்திய வீட்டை அறிந்தவள் இவள் ஒருத்தியே. திரும்பிவந்த பயணம் யாருடையது என்ற வினாவுக்கு அவளிடமிருந்தும் ஒரு விடை பெறப்பட்டிருத்தல் வேண்டும். படமோ அவளை மௌனத்திலே வைத்து, அம்மௌனத்தை மாண்பாக்கிவிடுகின்றது. நெறியாளரின் பெருங்குறை இது என்று கூறுவதா, அல்லது அவ்வாறான பெண்களின் வரலாறு இவ்வாறுதான் மௌனமாக இருந்தது என்பதற்கு அவர் காட்டும் நேர்மை என்று கூறுவதா என்பதிற் கருத்து வேறுபாட்டுக்கு இடமுண்டு. முதலாவதே பொருந்தும் எனத் தோன்றுகின்றது. மௌனத்தைக் காட்டுவதற்கு ஒரு கலைஞனுக்கு உரிமை உண்டு. ஆனால் ஸ்பிரோஸுக்கு ஒரு நடனம் கிடைத்திருக்கின்றது, அவளுக்கு அத்தகைய ஒன்று கிடைக்கவில்லை.

கித்தேரா என்பது கிரேக்கத்தின் தெற்கேயுள்ள ஒரு தீவு. காதற் கடவுள் அப்ரொதீதி கடலிற் பிறந்து அங்கு ஒதுங்கினாள் என்பது தொன்மம். பிரெஞ்சு ஓவியர் வாத்தோ தீட்டிய 1717ஆம் ஆண்டு ஓவியத்திற்குப் பின்னர் ஐரோப்பியக் கலையில் அப்பெயர் எட்டாத இன்பத்தின் பெயராகியது. இக்கதையில் எவரும் அத்தீவுக்குச் செல்வதில்லை. அதிகாலை மூட்டத்தில் இரு முதியவர்கள் மிதவையில் நிற்கின்றனர். ஸ்பிரோஸ் கயிற்றை அவிழ்க்கின்றார். மிதவை நகர்கின்றது. எலேனி கரயிந்த்ருவின் இசை கேட்கின்றது. மலைக்கிராமத்து நிலத்துக்கு என்ன நேர்ந்தது என்பதைப் படம் அதன்பின் கூறுவதில்லை. கம்பனியின் ஒப்பந்தத் தாளில் ஸ்பிரோஸின் கையொப்பத்துக்குரிய இடம் வெறுமையாகவே இருக்கின்றது.